அழுகண்ணியும் இராவிளக்கும்

உயிர்களுக்கு ஒளி எத்துணை இன்றியமையாததோ, இருளும் அத்துணை இன்றியமையாததாம். பூச்சியுண்ணும் செடிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

இச்செடிகள் நமக்குப் புதியனவல்ல. நீலகிரி, பழனி மலைகளின் ஈரப்புல்வெளிகளில் அழுகண்ணி என்னும் சிறு பூண்டு வளர்கின்றது. அதன் இலைமயிர் நுனிகளில் பனித்துளிபோல் மின்னும் பசையிற் சிறு பூச்சிகள் ஒட்டி மடியும். மேகாலய மலைகளிற் குடுவைச்செடி உண்டு. இவை பூச்சியினின்று பெறுவது நைட்ரஜன் முதலிய சத்துக்களையே. மாவுணவை ஏனைச் செடிகளைப்போல் ஞாயிற்றொளி கொண்டே ஆக்குகின்றன.

இக்காலத்தில் இவற்றையும், அமெரிக்கக் கரோலினாச் சதுப்புநிலத்து ஈப்பொறிச் செடியையும் வீட்டுத் தொட்டிகளில் வளர்ப்பாருளர். கணினி நிறுவனங்களும் அடுக்குமாடி வீடுகளும் பெருகிய சரவணம்பட்டி போன்ற ஊரில் தெருவிளக்கு விடியுமளவும் எரிகின்றது. அவ்வொளி படும் செடிக்கு நேர்வது யாது?

செடிகள் பகற்பொழுதின் நீளத்தை அறியும் என்பதைக் கார்னர், அல்லார்டு என்போர் 1920-இல் வெளியிட்டனர். மருளூமத்தையை ஆராய்ந்த ஹாம்னர், பானர் என்போர், அது கணக்கிடுவது இரவின் நீளத்தையே என்று 1938-இற் காட்டினர். நள்ளிரவிற் சிறிது நேரம் ஒளி காட்டினும் அது பூவாது. இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமியே இவ்வொளியை உணர்வது.

நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் ஒளியுடையது. வீட்டு விளக்கொளியோ பெரும்பாலும் சில நூறு லக்ஸே. ஆதலின் இராவிளக்கு செடிக்கு உணவளிக்கப் போதாது. அதன் பொழுதுக் கணக்கைக் குலைக்கவோ போதும். தீமை இதிலேயே உள்ளது.

ஈப்பொறிச் செடி குளிரும் குறும்பகலும் கூடிய காலத்தில் ஓய்வுகொள்வது. அவ்வோய்வின்றேல் ஆண்டுதோறும் மெலியும். அதன் தாயகத்தில் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் நான்கு மணிக்கு மேல் வேறுபாடுண்டு. கோவையிலோ ஒன்றேகால் மணியளவே. இச்சிறு குறிப்பையும் விளக்கு அழித்துவிடுகின்றது. குளிர்கால ஓய்வு வேண்டாத குடுவைச்செடியே நம்மூர்க்கு ஏற்றது.

இரையிலும் இழப்பு நேரலாம். குடுவைச்செடியின் வாய்விளிம்பு புறவூதாக் கதிர் பட்டு நீலநிறமாய் ஒளிர்வதையும், அதனை மறைத்தவிடத்து இரை குறைந்ததையும் திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு தாவரத்தோட்ட ஆராய்ச்சியாளர் 2013-இல் வெளியிட்டனர். அம்மெல்லொளியினும் பன்மடங்கு மிக்க விளக்கு அருகிலிருப்பின், விட்டில்கள் அதனையே நாடும் என்று ஊகிக்க இடமுண்டு.

ஆதலின் மாணாக்கர்காள், செடிக்குப் பகலில் வெயிலையும் இரவில் இருளையும் தருக. தெருவிளக்குப் படாத பக்கத்திற்குத் தொட்டியை நகர்த்துதற்குச் செலவொன்றுமில்லை.