8 கிகாஹெர்ட்ஸ் சாதனை: நம் வீட்டு கம்ப்யூட்டருக்கு என்ன லாபம்?

புதிய ப்ராசசர் சந்தைக்கு வரும்போதெல்லாம் கூடவே ஒரு "உலக சாதனை" செய்தியும் வருகிறது. எட்டு கிகாஹெர்ட்ஸைத் தாண்டியது, ஒன்பதைத் தொட்டது என்று படித்தவுடன், அந்த ப்ராசசரை வாங்கினால் நம் கம்ப்யூட்டரும் பறக்கும் என்ற ஆசை வருவது இயல்புதான். அந்த எண் உண்மையா? உண்மை என்றால் நமக்கு அதனால் பயன் உண்டா? ஹார்டுவேர் விமர்சனங்களை எந்த அளவுக்கு நம்பலாம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஓவர்கிளாக்கிங் எப்படி நடக்கிறது?

ப்ராசசரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. அடிப்படை கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், மல்டிப்ளையர் 36 என்றால் வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். பயாஸில் இவற்றில் ஒன்றை உயர்த்துவதுதான் ஓவர்கிளாக்கிங். ஓர் எல்லைக்கு மேல் போனால் ப்ராசசர் தடுமாறும். அதைச் சமாளிக்க வோல்டேஜைக் கூட்ட வேண்டும்.

சிக்கல் இங்குதான் ஆரம்பம். மின்செலவு வேகத்துக்கு நேர் விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். வேகத்தையும் வோல்டேஜையும் தலா 10 சதவீதம் கூட்டினால் மின்செலவு 1.1 x 1.1 x 1.1, அதாவது சுமார் 33 சதவீதம் கூடும். அவ்வளவும் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

கின்னஸ் சாதனையும் கடைக்கு வந்த சிப்பும்

ஏ.எம்.டி. நிறுவனத்தின் எஃப்.எக்ஸ். 8150 ப்ராசசர் 2011 ஆகஸ்ட் 31 அன்று 8.429 கிகாஹெர்ட்ஸ் வேகத்தைத் தொட்டு கின்னஸ் சாதனை படைத்தது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த வேகத்தை எட்டியபோது எட்டு கோர்களில் இரண்டு மட்டுமே இயக்கத்தில் இருந்தன. குளிர்விக்க திரவ ஹீலியம் ஊற்றப்பட்டது. அதன் கொதிநிலை மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்.

இத்தகைய சாதனைகளில், சி.பி.யூ.-இசட் போன்ற மென்பொருள் வேகத்தைப் பதிவு செய்யும் அந்தச் சில நொடிகள் ப்ராசசர் தாக்குப்பிடித்தால் போதும். அந்த வேகத்தில் ஒரு வீடியோவை மாற்றவோ, ஒரு மணி நேரம் கேம் விளையாடவோ தேவையில்லை.

அதே ப்ராசசர் 2011 அக்டோபர் 12 அன்று விற்பனைக்கு வந்தது. பெட்டியில் போட்டிருந்த வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ். டர்போவில் 4.2 வரை போகும். விமர்சகர்கள் சோதித்தபோது, பல கேம்களிலும் ஒரே கோரை நம்பும் வேலைகளிலும் 3.3 கிகாஹெர்ட்ஸ் இன்டெல் கோர் ஐ5-2500கே அதை முந்தியது. சில சோதனைகளில் ஏ.எம்.டி.யின் பழைய ஃபினோம் 2 ப்ராசசரே முந்தியது. ஒரு கிளாக்கில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை கிகாஹெர்ட்ஸ் சொல்லாது. சாதனைச் செய்தியை மட்டும் படித்துவிட்டுப் பணம் கொடுத்தவருக்கு இது கடைசியில்தான் தெரிந்திருக்கும்.

இன்டெல் பக்கமும் இதே கதைதான். கோர் ஐ9-14900கே.எஃப். ப்ராசசர் 2023 அக்டோபரில் திரவ ஹீலியத்தின் உதவியுடன் 9.04 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. மறு ஆண்டே, 13 மற்றும் 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சாதாரண உபயோகத்திலேயே கிராஷ் ஆவதாகப் புகார்கள் குவிந்தன. தேவைக்கு அதிகமான வோல்டேஜ் ஒரு காரணம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. வாரண்டியையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. இவற்றை வைத்திருப்பவர்கள் மதர்போர்டின் பயாஸை அவசியம் அப்டேட் செய்ய வேண்டும்.

அளவுகோலே தவறினால்?

சில நேரங்களில் மோசம் அளவுகோலில் இருக்கும். ஓவர்கிளாக்கிங் சாதனைகளைப் பட்டியலிடும் எச்.டபிள்யூ.பாட் அமைப்பு 2013 ஆகஸ்டில் விண்டோஸ் 8-ல் எடுத்த முடிவுகளை ஏற்க மறுத்தது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிப்படை கிளாக்கைக் குறைத்தால், கம்ப்யூட்டரின் கடிகாரமும் சேர்ந்து மெதுவானது. ஐந்து நிமிடத்தில் 18 நொடி காணாமல் போனது. இதனால் நிஜத்தில் 6 சதவீதம் மெதுவாக ஓடிய கம்ப்யூட்டர், பழைய வேகத்திலேயே ஓடியதுபோல் மதிப்பெண் காட்டியது.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் 2003 மே மாதம் நடந்ததும் நினைவில் வைக்கத்தக்கது. 3டி மார்க் 03 சோதனை ஓடுவதை என்விடியா டிரைவர் அடையாளம் கண்டு, கேமரா பார்க்காத பகுதிகளை வரையாமல் விடுவதாக ஃப்யூச்சர்மார்க் அறிவித்தது. இதனால் மதிப்பெண் 24 சதவீதம் வரை ஏறியிருந்தது. சில நாட்களில் இரு நிறுவனங்களும் கூட்டறிக்கை விட்டன. அதில் அது "ஏமாற்று வேலை" அல்ல, "ஆப்டிமைசேஷன்" என்று ஆகிவிட்டது!

நல்ல விமர்சனமும் உண்டு

இதற்காக எல்லா விமர்சகர்களையும் சந்தேகிக்க வேண்டாம். இன்டெல் 2000 ஜூலை 31 அன்று 1.13 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 ப்ராசசரை வெளியிட்டது. டாம்ஸ் ஹார்டுவேர் தளத்தினர் அதில் லினக்ஸ் கெர்னலை கம்பைல் செய்ய முயன்றபோது வேலை முடியவே இல்லை. வேறு விமர்சகர்களும் சோதித்து அதையே சொன்னார்கள். ஒரு மாதம் முடிவதற்குள் இன்டெல் அந்த ப்ராசசரைத் திரும்பப் பெற்றது. பலர் தனித்தனியே செய்தும் ஒரே முடிவு வந்ததால்தான் அந்த விமர்சனத்துக்கு அவ்வளவு பலம்.

சேத்துப்பட்டு, ஆரணி பக்கம் பட்டுச் சேலை வாங்குகிறவர்களுக்கு இது புதிதல்ல. சந்தேகம் வந்தால் ஓர் இழையை எரித்துப் பார்ப்பார்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. கடைக்காரர் யாராக இருந்தாலும் இழை ஒரே பதிலைத்தான் சொல்லும். ஹார்டுவேர் விமர்சனத்திலும் அப்படிச் சில இழைகளை உருவிப் பார்க்கலாம்:

1. சோதித்த பொருள் கடையில் வாங்கியதா, நிறுவனம் அனுப்பியதா? நிறுவனங்கள் பொறுக்கி எடுத்த சிப்பை அனுப்ப வாய்ப்பு உண்டு.

2. மதர்போர்டு, ரேம், கூலர், டிரைவர் பதிப்பு, அறையின் வெப்பம் எல்லாம் சொல்லப்பட்டுள்ளதா?

3. சோதனை எத்தனை முறை, எவ்வளவு நேரம் நடந்தது?

4. குறை ஏதாவது சொல்லியிருக்கிறார்களா?

5. பணமோ பரிசோ பெற்றது தெரிவிக்கப்பட்டுள்ளதா? இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021 முதலும், மத்திய அரசு 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படியும் இதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

நம் ஊர் வெயில்

விமர்சனம் ஏ.சி. அறையில் 22 டிகிரியில் நடந்திருக்கலாம். சித்திரை வெயிலில் நம் பக்கம் 40 டிகிரி சர்வ சாதாரணம். அறை எத்தனை டிகிரி கூடுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி ப்ராசசரும் கூடும். அங்கே 75 காட்டியது இங்கே 90-ஐத் தாண்டலாம். அப்போது ப்ராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

நீங்களே சோதிக்கலாம்

இலவசமாகக் கிடைக்கும் 7-ஜிப் மென்பொருளைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் பெஞ்ச்மார்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல் மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் திரும்பத் திரும்ப அரை மணி நேரம் ஓடவிட்டு, கடைசி மதிப்பெண்ணையும் குறியுங்கள். கூடவே எச்.டபிள்யூ. மானிட்டர் மென்பொருளில் வெப்பத்தையும் வேகத்தையும் கவனியுங்கள். மதியம் ஒரு முறையும் இரவு ஒரு முறையும் செய்வது நல்லது.

இரண்டு மதிப்பெண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் உங்கள் கம்ப்யூட்டர் நலம். கடைசி மதிப்பெண் வெகுவாகக் குறைந்து, வேகமும் பெட்டியில் போட்ட அடிப்படை வேகத்துக்குக் கீழே போனால் குறை குளிர்விப்பதில் இருக்கிறது. ஃபேனில் படிந்த தூசியைத் தட்டுங்கள். தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். கேபினெட்டைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஓவர்கிளாக் செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் வாரண்டி விதிகளைப் படியுங்கள். பெரும்பாலும் அந்தச் சேதத்தை நிறுவனம் ஏற்காது. அந்தப் பணத்தில் ஒரு எஸ்.எஸ்.டி.யோ கூடுதல் ரேமோ வாங்கிப் போட்டால், வீட்டு உபயோகத்தில் அதன் பலன் உடனே கண்ணுக்குத் தெரியும்.