முகூர்த்த வீடியோவைப் புது மென்பொருளிடம் ஒப்படைக்கலாமா?

“இலவசமாக் கிடைக்குதே தம்பி, இதுல கல்யாண வேலையை முடிச்சுக் கொடுக்கலாமா?” வாலாஜாபாத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கேட்ட கேள்வி இது. பல வருடமாக எடியஸில் எடிட்டிங் செய்பவர். அவர் பையனோ டாவின்சி ரிசால்வ் பழகிவிட்டான். பட்டுப் புடவையை வாட்ஸ்அப்பில் காட்டி விற்கிறவர்கள் போன் செயலியிலேயே வேலையை முடித்துவிடுகிறார்கள். இதில் எது தொழிலுக்கு ஆகும்?

ஆகும் என்பதுதான் பதில். ஆனால் யூடியூபில் காட்டும் எஃபெக்ட்டுகளைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தாலி கட்டும் நேரத்தை மறுபடி எடுக்க முடியாது. அதைக் கெடுக்காமல் முடித்துத் தருகிறதா என்பதே தொழிலுக்கான சோதனை.

புதுசு என்றால் தயார் என்று அர்த்தமில்லை. ஆப்பிள் நிறுவனம் 2011 ஜூனில் ஃபைனல் கட் புரோ எக்ஸ் வெளியிட்டபோது, பழைய பதிப்பில் செய்த வேலைகள் அதில் திறக்கவில்லை. பல கேமரா காட்சிகளைச் சேர்த்து வெட்டும் வசதியும் இல்லை. அது 2012 ஜனவரியில்தான் வந்தது. தொழில்முறை எடிட்டர்கள் பலர் கோபித்துக்கொண்டு வேறு மென்பொருளுக்குப் போனார்கள். ஆஸ்கர் வென்ற ‘பாரசைட்’ (2019) கொரியப் படத்தை அதன் எடிட்டர், 2011-லேயே நிறுத்தப்பட்ட பழைய ஃபைனல் கட் புரோ 7-ல்தான் வெட்டினார். கைக்குப் பழகியதை விட அவருக்கு மனம் வரவில்லை போலும்!

இன்னொரு பக்கமும் உண்டு. டாவின்சி ஒரு காலத்தில் பெரிய லேப்களில் மட்டும் இருந்த, விலை மிகுந்த வண்ணத் திருத்தக் கருவி. பிளாக்மேஜிக் நிறுவனம் அதை 2009-ல் வாங்கி, 2011-ல் இலவசப் பதிப்பை வெளியிட்டது. இன்று அந்த இலவசப் பதிப்பே 4கே யூஎச்டி அளவு வரை வீடியோ எடுத்துக் கொடுக்கும். நம்ம ஊர் கல்யாணத்துக்கு அதற்கு மேல் தேவையில்லை. கேடென்லைவ், ஷாட்கட் இரண்டும் முழுக்கவே கட்டற்ற மென்பொருள்கள். கேடென்லைவ் 2002-லேயே தொடங்கியது. அதைப் புதுசு என்று சொல்வதே தப்பு, நமக்குத்தான் புதுசு.

கெட்டிமேளத்தில் தெரியும் குறை

முடித்துக் கொடுத்த பழைய கல்யாணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் யாரும் காத்திருக்காத வேலை என்பதால் பயமில்லை. ஒரு மணி நேரக் காட்சியைப் புது மென்பொருளில் போட்டு, கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். தவில்காரர் கையும் சத்தமும் சேர்ந்து வருகிறதா?

பெரும்பாலும் இடிப்பது இங்கேதான். வீடியோ கேமரா நொடிக்கு 25 பிரேம் என்று ஒரே சீராக எடுக்கும். போன் அப்படியில்லை, வெளிச்சத்தைப் பொறுத்து வேகத்தைக் கூட்டும், குறைக்கும். தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. நேரம் போகப் போக சத்தம் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம் என்று விலகிவிடும். மாப்பிள்ளை வீட்டார் போனில் எடுத்ததைச் சேர்க்கச் சொன்னால், முதலில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு எடிட்டிங்கில் போடுங்கள். அரை மணி நேரம் கூடுதலாகும், பரவாயில்லை.

அடுத்து பெயர்கள். ஸ்ரீநிவாசன், கௌரி, ஜோதிலக்ஷ்மி என்று ஒருங்குறி எழுத்தில் தட்டிப் பாருங்கள். கொம்பு தனியாக, கால் தனியாக நின்றால் அந்த டைட்டில் கருவி தமிழுக்குத் தயாரில்லை. பாமினி எழுத்துருவில் தட்டி ஒப்பேற்றலாம்தான். ஆனால் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. இன்னும் எத்தனை நாள் ஒப்பேற்றுவது?

அரக்கு சிவப்பாகிவிட்டால்

புடவை வியாபாரிகளுக்கு நிறம்தான் உயிர். மயில் கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். புடவையை அசைத்தால்தான் அந்த மினுமினுப்பு தெரியும். போன் செயலியின் ‘ஆட்டோ’ பொத்தானை அமுக்கினால் பளிச்சென்று ஆகும், கூடவே அரக்கு சிவப்பாகிவிடும். சிங்கப்பூரில் பிரித்துப் பார்க்கிறவர், “நீங்க காட்டின புடவை இது இல்லையே” என்று திருப்பி அனுப்பினால் நஷ்டம் யாருக்கு?

ரிசால்வ், கேடென்லைவ் இரண்டிலுமே நிறத்தை அளந்து காட்டும் வரைபடங்கள் உண்டு. கண்ணை மட்டும் நம்ப வேண்டியதில்லை. படம் எடுக்கும்போது முதல் காட்சியில் புடவை மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தாள் வெள்ளையாக வரும்வரை சரிசெய்து, அதே அளவை மற்ற காட்சிகளுக்கும் போட்டால் போதும். போனில் ஒயிட் பேலன்ஸைப் பூட்டி வைப்பதும் அவசியம்.

கணினியையும் கவனியுங்கள். ரிசால்வுக்கு 16 ஜிபி ராம் தேவை. பழைய மடிக்கணினியில் அது நகராது. ஷாட்கட், கேடென்லைவ் இரண்டிலும் ‘பிராக்ஸி’ வசதியைப் போட்டு ஓட்டலாம்.

நாளைக்கும் திறக்க வேண்டும்

ரிசால்வில் செய்யும் வேலை, வழக்கமாக, தனிக் கோப்பாக உங்கள் ஃபோல்டரில் இருக்காது. மென்பொருளின் உள்ளே இருக்கும் தரவுத்தளத்தில் சேரும். இது தெரியாமல் கணினியை ஃபார்மட் செய்தால் மாதக்கணக்கான வேலை போச்சு. ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் ‘ப்ராஜெக்ட் ஆர்க்கைவ்’ எடுத்து வெளி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். போன் செயலிக்கு இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 2020 ஜூன் 29-ல் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் விவாவீடியோவும் ஒன்று. அசல் காட்சிகளைத் தனியாக வைத்திருந்தவர்களுக்குக் கவலை இருந்திருக்காது.

‘கிராக்’ போட்ட மென்பொருள் பற்றி ஒரு வார்த்தை. தெரிந்தே திருட்டு நகலைக் கணினியில் பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி-யின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் உண்டு. இத்தனை நல்ல இலவச மென்பொருள்கள் இருக்கும்போது அந்த ஆபத்து எதற்கு? புதிதாக ஸ்டூடியோ தொடங்கக் கடன், மானியம் தேவைப்படுகிறவர்கள் காஞ்சிபுரம் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

வீடியோ எடுக்கக் கொடுக்கிற வீட்டாருக்கும் ஒன்று. எத்தனை மணி நேரம், எந்தத் தேதிக்குள், அசல் காட்சிகளும் கிடைக்குமா என்பதை முன்பணம் கொடுக்கும்போதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காட்சிகளைத் தொலைத்துவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை.