யாரை உள்ளே விடுவது? பார்வையாளர் பதிவேட்டைப் பயனுள்ளதாக்குவோம்

பல பள்ளிகளில் பார்வையாளர் பதிவேடு என்பது ஆய்வு அலுவலர் வரும்போது மட்டும் எடுக்கப்படும் நோட்டு. புத்தகம் விற்க வந்தவர், "பிள்ளையை அழைத்துப் போக வந்தேன்" என்றவர் ஆகியோரின் பெயர் அதில் இருப்பதில்லை. குழந்தைகளின் பாதுகாப்புக்கு இவர்களின் பதிவே முக்கியம்.

பெரிய அலுவலகங்களில் வருவோரின் பெயரை வாயிலிலேயே கணினியில் பதிகிறார்கள். அனுமதிக்கக் கூடாதவரின் பெயர் வந்தால் நுழைவுச்சீட்டு வராது. பொறுப்பு அலுவலருக்குத் தகவல் போகும். காவலர் இல்லாத ஈராசிரியர் பள்ளியிலும் இதை ஒரு நோட்டையும் ஒரு தனித் தாளையும் கொண்டு செய்யலாம்.

பதிவேடு

தேதி, பெயர், ஊர், கைப்பேசி எண், வந்த காரணம், வந்த நேரம், சென்ற நேரம், கையொப்பம் ஆகியவை போதும். பள்ளி நேரத்தில் பிள்ளையை அழைத்துச் செல்வதற்குத் தனிப் பதிவு வேண்டும். யார் யார் அழைத்துச் செல்லலாம் என்பதைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் எழுதி வாங்குவோம். வேறொருவர் வந்தால் பெற்றோரிடம் பேசி உறுதி செய்வோம். அதற்கு வந்தவர் தரும் எண்ணை அழைக்கக் கூடாது. பள்ளியில் உள்ள எண்ணையே அழைக்க வேண்டும்.

தடைப் பட்டியல்

நீதிமன்றம் தடுத்தவர், குழந்தையைத் துன்புறுத்தியதாகப் புகாருக்கு உள்ளானவர், குடித்துவிட்டு வந்து தகராறு செய்தவர் ஆகியோர் இதில் இடம்பெறலாம். காரணம், தேதி, மறுபரிசீலனை செய்யும் நாள் ஆகியவற்றுடன் தலைமையாசிரியர் எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். நம் ஊர்களில் ஒரே பெயரில் பலர் உண்டு. தலைப்பெழுத்து, தந்தை பெயர், ஊர் சேர்த்து எழுதினால்தான் வேறொருவரைத் திருப்பி அனுப்பாமல் இருக்கலாம். பட்டியலை வாயிலில் ஒட்டக் கூடாது. தலைமையாசிரியரிடமும் வாயிலைக் கவனிப்பவரிடமும் இருந்தால் போதும்.

யாரைச் சேர்க்கக் கூடாது?

சத்துணவு சரியில்லை, கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று கேட்கும் பெற்றோர் நமக்குச் சங்கடம் தரலாம். அதற்காக அவரைத் தடுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோருக்கே தந்திருக்கிறது. கேள்வி கேட்பவரை வெளியே நிறுத்தும் கருவியானால் அந்தப் பட்டியலை ஊர் நம்பாது.

பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர் மற்றவரை "விடாதீர்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால், நீதிமன்ற உத்தரவின் நகலைக் கேட்போம். வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. ஆனால் வந்தவருடன் செல்லக் குழந்தை அஞ்சினால் அனுப்ப வேண்டாம், 1098-ஐ அழைப்போம். பாலியல் துன்புறுத்தல் நடந்தது தெரிந்தால், போக்சோ சட்டம் 2012-இன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் கடமை. பெயரைப் பட்டியலில் சேர்த்ததோடு அந்தக் கடமை முடிவதில்லை.

வாயிலில்

பட்டியலில் உள்ளவர் வந்தால் வாக்குவாதம் வேண்டாம். "தலைமையாசிரியரிடம் கேட்டுச் சொல்கிறேன், ஐயா" என்று கதவுக்கு வெளியே காத்திருக்கச் செய்து தகவல் அனுப்பினால் போதும். மிரட்டினால் காவல்துறையை அழைக்கலாம். வந்த நேரத்தைக் குறித்து வைப்பது பிறகு சான்றாக உதவும்.

வகுப்பறையில்

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வா" என்று தெரிந்த மாமாவே அழைத்தாலும், டீச்சரிடம் சொல்லாமல் போகக் கூடாது என்பதை மாணவர்களை நடித்துக் காட்டச் செய்வோம். கதவைப் பூட்ட மறந்த நாளிலும் அந்தப் பழக்கம் குழந்தையைக் காக்கும்.