ஐப்பசி முதல் வாரம்: மழைக்கு முன் வடிகால்

ஐப்பசி பிறந்துவிட்டது. தலைஞாயிறு, வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி வட்டாரக் கடைமடைக் கிராமங்களில் சம்பாப் பயிர் இளம் பருவத்தில் நிற்கிறது. வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் தொடங்க வேண்டிய இயல்பான நாள் அக்டோபர் 20. சில ஆண்டுகளில் அது முந்தும், சில ஆண்டுகளில் மாதக் கடைசிவரை இழுக்கும். கொண்டல் காற்று நிலைகொள்ளாத இந்த நாட்களில் பகலில் வெயில் சுள்ளென்று அடிப்பதும், சாயங்காலம் இடியோடு மழை கொட்டுவதும், மறுநாள் மறுபடி வெயில் காய்வதும் வழக்கம். அடைமழை அதன் பிறகே வரும். ஆகவே இந்த வாரத்தின் தலையாய வேலை வடிகாலைத் திறப்பது. உரம், மருந்து, களை எல்லாம் அதற்கு அடுத்தவை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தின் சராசரி மழை சுமார் 44 செ.மீ. நாகப்பட்டினம் கடலோரத்தில் ஏறக்குறைய அதைப்போல இரு மடங்கு பெய்கிறது. அதுவும் மூன்று மாதத்துக்குச் சமமாகப் பிரித்துப் பெய்வதில்லை. சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஒரே நாளில் 10 செ.மீ. பெய்தால் ஓர் ஏக்கரில் விழும் தண்ணீர் சுமார் 4 லட்சம் லிட்டர். நூறு ஏக்கருக்கு ஒரு வடிகால் என்றால், 4 கோடி லிட்டர் அந்த ஒரே வாய் வழியாக வெளியேற வேண்டும். ஒரு சாண் உயரப் பயிர் முழுகினால் இலையும் வேரும் மூச்சுவிட வழியில்லை. கலங்கல் நீரில் வெளிச்சமும் எட்டாது. தண்ணீர் இரண்டொரு நாளில் வடிந்தால் பயிர் தேறும். ஒரு வாரம் நின்றால் அழுகும். எவ்வளவு மழை பெய்தது என்பதைவிட எத்தனை நாள் நின்றது என்பதே விளைச்சலைத் தீர்மானிக்கிறது. முதலாவது வானத்தின் கையில், இரண்டாவது நம் கையில்.

கடைமடைக்குக் கடலும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அரிச்சந்திரா நதியும் அடப்பாறும் நம் வடிகால் நீரைக் கடலுக்குக் கொண்டுபோகின்றன. நிலத்தின் சரிவோ மிகக் குறைவு. தீபாவளியை ஒட்டிய அமாவாசையிலும் அன்னாபிஷேகத்துப் பௌர்ணமியிலும் கடல் ஏற்றம் கூடுதலாக இருப்பதால், முகத்துவாரத்தில் ஆற்று நீர் எதிர்த்து நிற்கும். அந்த நாட்களில் வடியக் கிடைப்பது வற்றுக்கடல் நேரமாகிய சில மணி நேரம் மட்டுமே. அப்போது வாய்க்கால் தடையில்லாமல் கிடந்தால்தான் பயன். நெய்வேலி காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் பாலத்தடியில் திரண்டு கிடந்தால், கடல் வழிவிட்டும் நம் தண்ணீர் போகாது. சுத்தம் செய்வதை வடிகால் ஆற்றில் சேரும் கீழ்முனையிலிருந்து தொடங்குங்கள். மேல்முனையை முதலில் திறந்தால் கீழே இருப்பவர் வயல்தான் குளமாகும். வெட்டிய காட்டாமணக்கைக் கரையோரமே போட்டுவிட வேண்டாம். துண்டுத் தண்டும் ஈரத்தில் வேர்விடும். தள்ளிக் கொண்டுபோய்க் காயவிடுங்கள்.

வானிலை அறிவிப்பு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்பவர்கள் உண்டு. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் பெரும்பாலும் மாவட்ட அளவில் வருபவை. எந்தக் கிராமத்தில் எந்த வயல் முழுகும் என்று அவை சொல்லா. ஆரஞ்சு என்றால் 12 முதல் 20 செ.மீ. வரை பெய்யலாம் என்று பொருள். அந்தச் செய்தி கைக்கு வந்த பிறகு ஆள் தேடி, பக்கத்து வயல்காரரோடு பேசி, மண்வெட்டி எடுப்பதற்குள் மழை வந்துவிடும். அறிவிப்பைப் பார்த்து மடையைத் திறக்கலாம். வடிகாலை அதற்கு முன்பே வெட்டியிருக்க வேண்டும்.

2016இல் பருவமழை பொய்த்ததே, வடித்துவிட்டுப் பிறகு தண்ணீருக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. பயிர் கருகியதைக் கண்டவர்கள் கேட்பது அது. ஆனால் வடிகாலைத் திறந்துவைப்பது வயலைக் காயப்போடுவது ஆகாது. வயலில் இரண்டு அங்குலம் நீர் நிற்கட்டும். வாமடையை அந்த அளவுக்கு மண்ணால் அணைத்துவையுங்கள். மிஞ்சுவது ஊர்க்குளத்துக்கும் பண்ணைக்குட்டைக்கும் போகட்டும், அவை நிரம்பிய பிறகு ஆற்றுக்கு. சப்–1 வகை நெல் போட்டிருக்கிறோம், கவலையில்லை என்பதும் முழு உண்மையன்று. சி.ஆர். 1009 சப்–1 சுமார் இரண்டு வாரம் முழுகியும் உயிர் பிழைக்கும். ஆனாலும் நீர் நின்ற நாட்களுக்கு அது வளர்ச்சியைப் பறிகொடுக்கும். தூர்வாருவது அரசின் வேலை என்பவர்களுக்கு ஒரு சொல்: ஆறும் பெரிய வடிகாலும் நீர்வளத் துறையின் பொறுப்புதான், அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. வயலோரக் கண்ணி வாய்க்காலை ஆண்டாண்டு காலமாக ஊர்தான் வெட்டிவந்தது. அதை இன்னொருவர் வந்து வெட்டப்போவதில்லை.

வடிகாலுக்கு அடுத்தது உரம். கனமழை எச்சரிக்கை இருக்கும்போது மேலுரம் இடாதீர்கள். யூரியா கரைந்து வாய்க்காலோடு போய்விடும். முழுகிய பயிருக்கும் தண்ணீர் வடிந்த பிறகே உரம்: ஏக்கருக்கு யூரியா 22 கிலோவுடன் ஜிப்சம் 18 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். பயிர்க் காப்பீட்டையும் கடைசி நாள்வரை தள்ளாதீர்கள். சம்பாவுக்கு வழக்கமான கெடு நவம்பர் 15. விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதமே. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்க இப்போதே போங்கள். மழை நாளில் பொது சேவை மையத்தில் மின்சாரமும் இருக்காது, வரிசையும் குறையாது. இடி முழங்கும்போது வயலில் நிற்காதீர்கள், மாட்டை மரத்தடியில் கட்டாதீர்கள், அறுந்த மின்கம்பி அருகே போகாதீர்கள். ஆபத்தென்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலை எவராலும் நிறுத்தியிருக்க முடியாது. வடிகாலில் கிடக்கும் ஆகாயத்தாமரை அப்படிப்பட்டதல்ல, கைக்கு எட்டுகிற பகை. வீட்டுக்கு ஓர் ஆளாக, வெயில் இருக்கும் இந்த வாரத்திலேயே இறங்குங்கள். தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே நாளில் சேர்ந்து இறங்கினால்தான் தண்ணீர் ஒழுங்காகப் போகும்.