கோப்பைத் திறக்கப் போகும் அந்நியருக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

கம்பம்மெட்டு ஏலத்தோட்ட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். மலையாளம் பேச வருகிறது, ஆங்கிலத்தில் வாக்கியம் அமைக்க முடிகிறது, ஆனால் ஓர் அலுவலகக் கடிதத்தை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதுதான் பிடிபடவில்லை என்று சொல்லியிருந்தாய். உன் சிக்கல் மொழியில் இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பது தெளியாததில் இருக்கிறது. உறையின் மேல் பெயர் எழுதப்பட்ட அதிகாரிக்காக எழுதுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். அவர் மாற்றலாகிப் போவார். உன் மேனேஜரும் மாறுவார். நீயும் வேறு வேலைக்குப் போகலாம். கடிதம் மட்டும் கோப்பில் கிடக்கும். உன்னைத் தெரியாத, தோட்டத்தைப் பார்த்திராத, நடந்ததைக் கேள்விப்பட்டிராத ஒருவர் ஒருநாள் அந்தக் கோப்பைத் திறப்பார். அவருக்கு யாரையும் கேட்காமல் விளங்க வேண்டும். அலுவலகக் கடிதத்தின் விதிகள் எல்லாமே இந்த ஒரு தேவையிலிருந்து பிறந்தவை என்பது என் துணிபு.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டாம். மெட்டிலிருந்து கீழே பார்த்தால் பச்சையாகத் தெரிகிற கம்பம் பள்ளத்தாக்கின் பாசனமே ஒரு பத்திரத்தின் மேல் நிற்கிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும், இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே, அந்தப் பாசனத்துக்குத் தண்ணீர் தரும் பெரியாறு குத்தகைப் பத்திரம் கையெழுத்தானது. காலம் 999 ஆண்டு. ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். 8,000 ஏக்கருக்கு 40,000 ரூபாய். அந்தக் குத்தகை நியாயமானதா என்று இன்றும் வாதிடுகிறார்கள். வாடகை எவ்வளவு, கெடு எவ்வளவு என்பதில் சந்தேகம் இல்லை. வழக்கு வந்தது எழுதாமல் விட்ட இடத்தில். பத்திரம் பாசன வேலைகளைப் பற்றிப் பேசியது. மலையிலிருந்து இறங்கும் அதே தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாமா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சென்னை மாகாணம் எடுக்கலாம் என்றது, திருவிதாங்கூர் கூடாது என்றது. கையெழுத்திட்ட திவான் ராம அய்யங்காரையும் ரெசிடென்ட் ஹானிங்டனையும் கூப்பிட்டு, என்ன நினைத்து எழுதினீர்கள் என்று கேட்க வழியில்லை. தாளைத்தான் கேட்டார்கள். பத்திரத்தில் சொன்னபடியே நடுவர்கள் அமர்ந்தார்கள். அவர்கள் ஒத்துப்போகாததால் மேல்நடுவர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி முடிவு சொன்னார். 1941-இல் வந்த அந்தத் தீர்ப்பு திருவிதாங்கூர் பக்கம் நின்றது: தண்ணீர் பாசனத்துக்கு மட்டும். பிறகு மலையடிவாரத்து லோயர் கேம்பில் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அதற்கென்று 1970-இல் தனி ஒப்பந்தம் எழுதி, வாடகையையும் ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்திய பிறகே அது ஒழுங்குக்கு வந்தது. 1886-இல் எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மின்சாரம் அப்போது இந்த மலைக்கு எட்டாத சங்கதி. ஆனால் உன் மேசைக்கு வருகிற விஷயங்கள் அப்படி எட்டாதவை அல்ல.

உன் வேலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார். உலர்த்தக் கொடுத்த ஏலக்காயில் எடை குறைவாக வந்திருக்கிறது. பெரும்பாலோர் எழுதுவது இப்படி இருக்கும்: “சென்ற வாரம் கொடுத்த காய்க்கு மிகவும் குறைவாக வந்துள்ளது. இது தொடர்ந்து நடக்கிறது. தக்க நடவடிக்கை எடுக்கவும்.” கோப்பைத் திறக்கும் அந்நியருக்கு இதில் ஒன்றுமே இல்லை. எந்த வாரம், எத்தனை கிலோ, யார் என்ன செய்ய வேண்டும்? இப்படி மாற்றிப் பார்: “ஆகஸ்ட் 12 அன்று உங்கள் ஸ்டோரில் 600 கிலோ பச்சைக்காய் இறக்கினோம், ரசீது எண் 47. ஆகஸ்ட் 15 அன்று 102 கிலோ உலர்காய் வந்தது. ஐந்துக்கு ஒன்று என்ற வழக்கமான கணக்கில் 120 கிலோ அளவில் வந்திருக்க வேண்டும். உங்கள் எடைக்குறிப்பைச் சரிபார்த்து ஆகஸ்ட் 22-க்குள் தெரிவிக்க வேண்டுகிறோம்.” கோபம் போய்விட்டது, அந்த இடத்தில் எண்கள் வந்திருக்கின்றன. இன்னொன்றையும் கவனி: திருட்டு என்ற சொல் இதில் இல்லை. மழைநாளில் பறித்த காயாக இருந்தால் ஈரத்தால் குறைந்திருக்கலாம். தெரியாததைக் குற்றமாக எழுதினால், அது பொய்யென்று தெரிய வரும் நாளில் உண்மையான 18 கிலோவும் அதோடு அடிபட்டுப் போகும்.

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற நம் பழைய சட்டகமே போதும். ‘பார்வை’யை மட்டும் ஒருபோதும் விடாதே. முந்தைய கடிதத்தின் எண்ணும் நாளும் அங்கே இருந்தால்தான் கோப்பு ஒரு சங்கிலியாக இருக்கும்.

மெமோ என்றாலே நம் பக்கத்தில் தண்டனை என்று பொருளாகிவிட்டது. மெமோ கொடுத்துவிட்டார்கள் என்றால் வீட்டில் சோறு இறங்காது. ஆனால் அந்தச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘நினைவில் வைக்க வேண்டியது’ என்றுதான் பொருள். நீ எழுதும் மெமோவைப் படிக்கப் போகிறவர்களை நினைத்துப் பார். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியலில் ஜீப்பில் ஏறி வருகிற பெண்கள். இப்போது அசாம், ஜார்கண்டிலிருந்து வந்திருப்பவர்கள். மருந்து அடித்த பகுதிக்குள் போகக்கூடாது என்று சொல்ல வேண்டுமானால், “தொழிலாளர்கள் உரிய முன்னெச்சரிக்கையைக் கடைப்பிடிக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்” என்பது யாரையும் காப்பாற்றாது. எந்தப் பகுதி, எந்த நாள்வரை, ஐயம் வந்தால் யாரைக் கேட்பது, இவ்வளவும் வேண்டும். ஒரு மெமோவில் ஒரே விஷயம். தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும். ‘ஆவன செய்யப்படும்’ என்ற தொடரை நான் அறவே வெறுக்கிறேன். செய்பவர் யார் என்பதை ஒளித்துவைக்கவே அது பயன்படுகிறது.

இப்படி மொட்டையாக எழுதினால் பணிவு இல்லை என்பார்களே என்று நீ கேட்கலாம். பழைய மனுக்களில் ‘மகாராஜராஜஸ்ரீ’ என்று தொடங்கி, ‘சமூகத்துக்கு அடியேன்’ என்று பாதித் தாள் போகும். கேட்பவருக்கு உரிமை இல்லாத காலத்தில் தயவைத்தான் கேட்க முடிந்தது. அதனால் அந்த நடை. இன்று ‘ஐயா’ என்ற விளியும் ‘தாங்கள்’ என்ற சொல்லும் மரியாதைக்குப் போதும். படிப்பவர் நேரத்தை வீணாக்காததும் மரியாதைதான்.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. ஜீப் வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்க அதுதான் சரி. ஆனால் போன் தொலைந்தால் பேச்சும் தொலைகிறது. பதிலுக்குச் சட்டம் விதிக்கும் கெடுவோ, மனு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அலுவலகத்துக்குத் தருகிற 30 நாள் அப்படிப்பட்டது.

கடினமான ஆட்சேபம் இன்னொன்று: எழுதி எது நடந்தது? 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்றவர்கள், 20 சதவீத போனசை வாங்கியது சாலையில் உட்கார்ந்துதான், மனு எழுதியல்ல. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வெற்றி தாளில் எப்படி இறங்கியது என்று பார்: 8.33 சதவீதம் போனஸ், மீதி 11.67 சதவீதம் கருணைத்தொகை. கைக்கு வந்த பணம் ஒன்றுதான். ஆனால் போனஸ் கேட்டு வாங்கும் உரிமை. கருணைத்தொகை கொடுப்பவர் மனம். சாலையில் வென்றதற்குத் தாளில் என்ன பெயர் வைப்பது என்று கவனிக்க, எழுதத் தெரிந்த ஒருவர் தொழிலாளர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

தமிழில் எழுதினால் எடுபடுமா என்றும் தயங்காதே. குறைதீர்க்கும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தரலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைமை அலுவலகங்களோடும், சிறுபான்மைப் பகுதியென்று அரசு அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களோடும் தமிழில் எழுதிப் பதில் பெற வழி செய்திருக்கிறது. ஆனாலும் ஒரு மலையாளப் பிரதியை இணைத்துவிடு. நெடுங்கண்டம் அரசு அலுவலகத்தில் அதைப் பிரிக்கும் எழுத்தருக்கு மொழிபெயர்ப்பவரைத் தேடும் வேலை மிச்சமாகும். நேரில் கொடுத்தால் உன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கு. தபாலில் போனால் ஸ்பீடு போஸ்ட் ரசீதை நகலோடு தைத்து, பதிவேட்டில் எண் போட்டு வை.

அன்புடன்,
மாமா