டர்போ வண்டியில் "டக் டக்" சத்தம்: எங்கே தேடுவது?



"நாக்கிங் என்றால் என்ன?" என்பது வைவாவில் நம் எல்லோருக்கும் வரும் கேள்வி. மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். அதே நாக்கிங் ஓர் உண்மையான வண்டிக்குள்ளிருந்து கேட்டபோது, எந்தப் பக்கம் கை வைப்பதென்று தெரியாமல் நான் விழித்தேன். அந்த அனுபவத்தைத்தான் பாடமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் உள்ள எம்.ரெட்டியபட்டி. கரிசல் காடு, மல்லி, மிளகாய், சீமைக் கருவேலம், இவைதான் எங்கள் செல்வம். என் மாமாவிடம் 2006-ல் வாங்கிய ஒரு போலிரோ டி.ஐ. டர்போ இருக்கிறது. 2523 சி.சி., நான்கு சிலிண்டர், பழைய மெக்கானிக்கல் பம்ப். கல்யாணம், காதுகுத்து, இராத்திரி பிரசவ வலி என்று எதற்கும் இந்த வண்டிதான். வாடகையில்தான் குடும்பம் ஓடுகிறது.

கோடை விடுமுறைக்கு நான் வீட்டுக்குப் போன அன்று மாமா முகமே சரியில்லை. "இன்ஜின் போச்சுப்பா. கான்ராட் பேரிங் அடிக்குதாம். இறக்கிச் செய்ய அறுபத்தஞ்சாயிரம் கேக்குறாங்க. எண்பதுக்கு ஒரு புரோக்கர் வண்டியைக் கேக்குறாரு, குடுத்துரலாமான்னு இருக்கேன்" என்றார். ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். குளிர்ந்த இன்ஜினில் தாளம் தப்பாமல் "டக், டக், டக்". ஆக்சிலேட்டரை மிதித்து லோடு கொடுத்தால் இன்னும் பலமாகக் கேட்டது.

இங்கே கொஞ்சம் தியரி சொல்லியாக வேண்டும். பெட்ரோல் இன்ஜின் நாக்கிங்கும் டீசல் நாக்கிங்கும் பெயரில்தான் ஒன்று, காரணத்தில் நேர் எதிர். பெட்ரோலில் பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே, மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்துவிடுகிறது. டர்போ காற்றை அழுத்திச் சூடாக்கி அனுப்புவதால் இந்தத் தொல்லை கூடும். 1962-ல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற அமெரிக்க டர்போ காரில், நாக்கிங்கைத் தடுக்கவே தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஒரு தனித் தொட்டியிலிருந்து இன்ஜினுக்குள் தெளித்தார்கள். வண்டிக்காரர் அந்தத் தொட்டியை வேறு நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும்!

டீசலில் கதை வேறு. சூடான காற்றில் தெளித்த டீசல் உடனே பற்றுவதில்லை. பற்றுவதற்குள் ஒரு சிறு தாமதம். அந்தத் தாமதம் நீண்டால் அதற்குள் நிறைய டீசல் சேர்ந்து, எல்லாம் ஒரே மூச்சில் எரிந்து, சம்மட்டியால் அடித்தது போல் பிஸ்டனை அடிக்கிறது. காற்று சூடாகவும் அடர்த்தியாகவும் இருந்தால் தாமதம் குறையும். ஆகவே டர்போ டீசலில் காற்றழுத்தம் ஏற ஏற எரிப்புச் சத்தம் அடங்க வேண்டும்.

இதை வைத்து நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? "லோடில் சத்தம் கூடுகிறது, அப்படியானால் இது எரிப்புச் சத்தம் இல்லை, பேரிங்தான்." மெக்கானிக் சொன்னதையே நானும் மாமாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார். அந்த மௌனம்தான் என்னை மறுபடி பானெட்டைத் திறக்க வைத்தது.

முதலில் ஆயில். பிரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேஜ் மாட்டிப் பார்த்தேன். சூடான இன்ஜினில், ஐடிலிலும் அழுத்தம் குறைவாக இல்லை. பிறகு ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். ஃபில்டரை அறுத்து உள்ளே இருந்த காகிதத்தை விரித்து வெயிலில் பார்த்தேன். பேரிங் தேய்ந்திருந்தால் மினுமினுக்கும் துகள் கிடைக்கும். காந்தம் வைத்துத் தேடாதீர்கள், பேரிங் உலோகம் காந்தத்தில் ஒட்டாது. நான் பார்த்தவரை துகள் எதுவும் இல்லை. ஒரு சந்தேகம் விழுந்தது.

அடுத்தது சிலிண்டரைத் தனிமைப்படுத்துவது. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒவ்வோர் இன்ஜெக்டரின் பைப் நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. மூன்றாவதைத் தளர்த்தியதும் "டக்" சத்தம் சுத்தமாக நின்றது.

(கவனம்! இது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். அதிலும் கண்ணாடி போட்டுக்கொண்டு, நட்டைத் துணியால் மூடிக்கொண்டுதான் செய்யவேண்டும். காமன் ரெயில் வண்டியில் பைப்பில் 1000 பாருக்கும் மேல் அழுத்தம் இருக்கும். ஓடும்போது நட்டைத் தொட்டால் டீசல் ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கும், கையையே எடுக்க வேண்டி வரலாம். அதில் ஸ்கேனர் மூலமாகத்தான் சிலிண்டரை நிறுத்திப் பார்க்கவேண்டும்.)

மூன்றாம் சிலிண்டர் என்று தெரிந்துவிட்டது. பலரும் தவறுவது இதற்கு அடுத்த படியில்தான். டீசலை நிறுத்தினால் இன்ஜெக்டர் சத்தம் நிற்கும், சரி. கான்ராட் பேரிங் சத்தமும் குறையும்! பிஸ்டன் மேல் அழுத்தம் இல்லையென்றால் பேரிங் எப்படி அடிக்கும்? ஆக இந்தச் சோதனை எந்தச் சிலிண்டர் என்று சொல்லுமே தவிர, என்ன நோய் என்று சொல்லாது. அந்த ஒர்க்ஷாப்பிலும் இதோடு நின்றிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? நானே அப்படித்தானே சொன்னேன்!

நோயைப் பிரித்துக் காட்டியது இடமாற்றம். மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றி ஒன்றாவது இடத்திலும், ஒன்றாவதை மூன்றிலும் போட்டேன். சத்தம் மூன்றிலேயே நின்றால் கோளாறு இன்ஜினுக்குள். சத்தமும் கூடவே ஒன்றுக்கு வந்தால் கோளாறு இன்ஜெக்டரில். அடியில் இருக்கும் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுவதும், உட்காரும் இடத்தில் கரியைச் சுத்தம் செய்வதும் முக்கியம். இல்லையென்றால் கம்ப்ரஷன் கசிந்து புதுச் சத்தம் ஒன்றைக் கிளப்பிவிடும்.

காற்றை எடுத்து ஸ்டார்ட் செய்தோம். மாமா சாவியைத் திருப்பும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். "டக், டக், டக்." ஒன்றாவது நட்டைத் தளர்த்தினேன். நின்றது! மூன்றாவது இப்போது சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

அருப்புக்கோட்டையில் பம்ப் சர்வீஸ் செய்யும் இடத்தில் அதை டெஸ்டரில் மாட்டினார்கள். பனி போலத் தெளிக்க வேண்டிய நாசில், அழுத்தம் ஏறும் முன்பே சொட்டுச் சொட்டாக ஒழுகியது. பெரிய துளி பற்றத் தாமதமாகும். லோடு கொடுத்தால் டீசலும் கூடுதலாகப் போகும், அதனால்தான் சத்தம் கூடியது. என் தியரியில் தப்பில்லை. ஆனால் அது நல்ல நாசிலை வைத்து எழுதின தியரி. இதை யோசிக்காமல் போனது என் தப்பு.

நாசில் ஏன் கெட்டது? அவசரத்துக்கு என்று மாமா தொழுவத்தில் ஒரு பேரலில் டீசல் வைத்திருந்தார். அடியில் துருவும் தண்ணீரும். எங்கள் ஊர்ப் புழுதியும் தன் பங்குக்குச் சேர்ந்திருந்தது. டீசல் ஃபில்டர் எப்போது மாற்றியது என்று கேட்டேன், "மாத்தணுமா?" என்றார். நான்கு நாசிலும், ஃபில்டரும், டேங்க் கழுவியதும் சேர்த்து அறுபத்தைந்தாயிரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பலர் சந்தேகப்படும் டர்போவைப் பற்றி இரண்டு வார்த்தை. டர்போ "டக் டக்" என்று அடிக்காது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும் சாமான் அது, கெட்டால் ஊளையிடும் அல்லது கிறீச்சிடும். ஏர் ஹோஸைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இயல்பு. உள்ளே வெளியே இழுத்தால் கைக்குத் தெரியும்படி ஆடினாலோ, வீட்டில் உரசிய தடம் இருந்தாலோ கெட்டுவிட்டது. மாமா வண்டியில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் மதுரையிலிருந்து விரட்டிக்கொண்டு வந்து நின்றதும் சாவியைத் திருப்பும் பழக்கம் அவருக்கு. டர்போ தண்டுக்கு எண்ணெய் கொடுப்பதே ஓடுகிற இன்ஜின்தான், ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

நாசில் மாற்றிய பிறகும் வண்டி இழுக்கும்போது மட்டும் மெல்லிதாக ஒரு "டிக் டிக்". டாப்பெட் என்று நினைத்துக் கிளியரன்ஸ் பார்த்தேன், சரியாக இருந்தது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்தில் கரிக்கோடு தெரிந்தது. கேஸ்கெட் கசிவு! டர்போவுக்குப் போக வேண்டிய புகை அங்கே தப்பிக்கொண்டிருந்தது. மாற்றியதும் சத்தமும் போயிற்று, இழுவையும் கூடியது. புரோக்கர் மறுபடி வந்தபோது மாமா வண்டியில் திருச்சுழிக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்.