பத்திரிகையில் ஓவிய ஆசிரியர் பணி

வார இதழைக் கையிலெடுப்பவர் எவரும் முதலில் எழுத்தைப் படிப்பதில்லை. கண் முன்னர்ப் படத்திற் பதிகின்றது. பின்னர்த் தலைப்பிற்கு வருகின்றது. பொறுமை எஞ்சியிருப்பின் அதன் பின்னரே கட்டுரையுட் புகுகின்றது. இவ்வழியை வகுத்துக் கொடுப்பவரை இதழ் அலுவலகங்களில் ஆர்ட் டைரக்டர் என்று வழங்குகின்றனர். யாம் ஓவிய ஆசிரியர் என்போம். அவர் தாமே வரைபவராகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எப்பொருளுக்குப் படம் வேண்டும், எக்கணத்தைப் படமாக்குவது, யாரை வரையச் சொல்வது, பக்கத்தில் எவ்வளவு இடத்தை வெறிதே விடுவது என்பவற்றைத் தீர்மானிப்பதே அவர் தொழில். இதற்குத் தூரிகைத் திறத்தினும் வாசிப்புத் திறமே முதற்கண் வேண்டுவது என்பது எம் துணிபு.

தமிழ் பயிலும் எமக்கு இவ்வெண்ணத்தைத் தந்தவர் பாரதியார். 1906-இல் சென்னையில் தோன்றிய 'இந்தியா' வார இதழே அரசியற் கருத்துப்படங்களைத் தமிழில் முதன்முதலாக வெளியிட்டது என்பர். பாரதியார் தூரிகை பிடித்தவரல்லர். கருத்து அவருடையது, கோடு ஓவியருடையது. படத்தோடு அதன் பொருளை விளக்கும் குறிப்பும் வெளிவந்தது. படம் தானே பேசவேண்டும், விளக்கம் படத்திற்கு இழுக்கு என்று இக்காலத்தார் சிலர் கூறுவர். யாம் அதற்கு உடன்படோம். ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட காலம் அது. கேட்பவர் கண்ணுக்குப் படமும் படிப்பவர் நாவிற்கு விளக்கமும் ஆக இரண்டும் வேண்டியிருந்தன. தம் வாசகர் யாவர் என்பதை அறிந்து செய்த செயல் அது.

1908-இல் இதழின் பெயரளவிலான ஆசிரியர் சிறைப்படவே, 'இந்தியா' பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது, 1910-இல் நின்றது. பின்னர்ப் புதுச்சேரியை விட்டு வெளிவந்த பாரதியார் 1918 நவம்பர் 20-இல் கடலூரருகே கைது செய்யப்பட்டு, டிசம்பர் 14 வரை இந்நகரில் சிறையிருந்தார். இச்செய்தியை ஆண்டுதோறும் மேடைகளிற் கேட்கின்றோம். அவர் இதழிற் கண்ட படங்களைப் பற்றி எம் மேடைகளில் ஒருவரும் உரைக்கக் கேட்டிலேம். ஆ. இரா. வேங்கடாசலபதி அப்படங்களைத் தொகுத்து 1994-இல் நூலாக்கியுள்ளார் என்பதை இங்குக் குறித்தல் தகும்.

படமும் எழுத்தும் அருகருகே நிற்கும் முறையைக் கல்லிற் காண விழைவோர் சிதம்பரம் செல்க. கடலூரினின்றும் காலையிற் புறப்பட்டு மாலைக்குள் மீளலாம். யாம் கிறித்தவராதலின் வழிபாட்டிற்கன்று, காண்டற்கே சென்றோம். கீழைக் கோபுர வாயிலின் உட்புறத்தே நாட்டியக் கரணங்கள் சிறு கட்டங்களில் ஒன்றன்மேலொன்றாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றோடு நாட்டிய சாத்திரச் சுலோகங்கள் கிரந்த எழுத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. கரணங்கள் 108. கட்டம் மாறுவதில்லை, உள்ளே உருவம் மட்டும் மாறுகின்றது. ஆதலாற் கண் வழிதவறாமல் ஒன்றினின்றும் மற்றொன்றிற்கு ஏறுகின்றது. பக்கம் அமைப்போர் இன்று கிரிட் என்று பயில்வது இதுவே.

சிதம்பரத்திற்கு மேற்கே வீராணம் ஏரி உளது. 1950-இல் கல்கி இதழில் வெளிவரத் தொடங்கிய பொன்னியின் செல்வன் இவ்வேரிக்கரையில் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று தொடங்குகின்றது. படம் வரைந்தவர் மணியம். தொடர்கதைக்குப் படம் அமைப்போர்க்கு ஓர் இடர் உண்டு. கொலையை வரைந்தால் வாசகர் படிக்குமுன்னரே முடிவை அறிந்துவிடுவர். கதவைத் திறக்கும் கையை வரைந்தால் படியாது விடார். எக்கணம் என்பதை அறிய அத்தியாயம் முழுவதையும் படித்தாக வேண்டும். ஆளறிந்து பணி தருவதும் இதனோடொத்த திறமே. ஆனந்த விகடனில் மாலி, கோபாலனுக்குக் கோபுலு என்றும், கோயிற் சிற்பங்களை வரைவதில் வல்ல சீனிவாசனுக்குச் சில்பி என்றும் பெயர் சூட்டினார்.

இனி நம் ஆண்டு மலருக்கு வருவோம். 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயலில் பண்ருட்டிப் பக்கத்தே தோப்பிழந்த தம் பாட்டியாரைப் பற்றி மாணவி ஒருவர் சென்ற மலரில் எழுதியிருந்தார். அக்கட்டுரையின் தலைமேல், பிறநாட்டுக் கடற்கரையொன்றில் அந்தி வெயிலில் அசையும் தென்னைகளின் வண்ணப்படம் இடம்பெற்றது. கணிப்பொறியில் ஆயத்தமாகக் கிடந்த சட்டகத்தோடு வந்த படம் அது. வைத்தவர் கட்டுரையைப் படித்திலர் என்பது வெளிப்படை. அம்மாணவி மலரை வீட்டிற்குக் கொண்டு செல்லவில்லை என்றார்.

வரும் ஆண்டில் மலர்க்குழுவினர் மாணவர் இருவரை இப்பணிக்கென்றே அமர்த்துதல் வேண்டும். அச்சிற்குச் செல்லுமுன் எல்லாவற்றையும் அவர்கள் படித்திருத்தல் வேண்டும். சங்கந்தோறும் எடுக்கும் வரிசைப் புகைப்படங்களைச் சில பக்கங்களில் அடக்கினால் ஓவியத்திற்கு இடமும் கிடைக்கும். வரைய வல்லார் நம் விடுதியிலேயே உளர்; அவர் திறம் இப்பொழுது தேர்தற் சுவரொட்டிகளிற் கழிகின்றது. அப்பாட்டியார் வீட்டுக் கொல்லையில், புயலிற் சாய்ந்த பலாவின் அடிக்கட்டை இன்றும் உளதாம். அதனை வரைந்துவர ஒருவரை அனுப்புவதற்குப் பேருந்துக் கட்டணமே செலவு.